கூத்துக்கார தாத்தாவோட கதையை எழுதி வைக்கணுமா

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஊருக்கு ஒரு வயசான கூத்துக் கலைஞர் இருப்பாரு, அவரு கதையை எழுதணும்னா நோட்டை நீட்டி "பொறந்த வருஷம் என்ன"ன்னு ஆரம்பிக்காதீங்க. கூத்து அணிகலன் வெச்சிருக்கிற கட்டைப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம்னு ஒவ்வொண்ணா எடுக்கும்போதே எந்த ஊர்ல துரியோதனன் வேஷம் கட்டுனாரு, யாரு முகவீணை ஊதுனாங்கன்னு தானா வந்துரும், நீங்க போன்ல ரெக்கார்டிங் போட்டுட்டு சும்மா இருந்தா போதும்.

வருஷம் தெரியலையா? பழைய கூத்து நோட்டீஸ் இருந்தா மாவட்டப் பேரைப் பாருங்க, மாவட்டம் பிரிஞ்ச வருஷத்தை வெச்சு கணக்குப் போடலாம். சேலம் ஜில்லான்னு இருந்தா பெரும்பாலும் 1965க்கு முன்னாடி, கிருஷ்ணகிரி மாவட்டம்னு இருந்தா 2004க்கு அப்புறம்.

அவரு ஊருக்குச் செஞ்ச நல்லதை அவருகிட்டயே கேக்காதீங்க, "அதெல்லாம் என்னப்பா"ன்னு வாயை மூடிக்குவாரு. ஏரி தூர்வாரக் கூட நின்னவங்க, அவருகிட்ட காசு கொடுக்காம அடவு கத்துக்கிட்ட பசங்க, திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தா, இவங்ககிட்ட கேளுங்க. தாத்தா வீட்டுப் பாட்டிகிட்டயும் கேளுங்க, ராத்திரி பூரா கூத்து, பகல்ல ஊர் வேலைன்னா குடும்பத்தை ஓட்டுனது யாரு?

அப்படியே நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருக்கான்னும் பாத்துருங்க, இல்லன்னா முதல்ல அதுக்கு எழுதிப் போடுங்க, புத்தகம் அப்புறம் போட்டுக்கலாம்.