விலங்குப் பொறிகளைக் கோடையிலேயே தயார் செய்தல்: எதற்கு மெழுகு, எதற்குக் கூடாது

விலங்கின் உரோமம் கடுங்குளிரில்தான் அடர்ந்து முற்றுகிறது. கோடையில் உரித்த தோலின் உட்புறம் நீலங்கருத்துக் கிடக்கும். அதற்கு ஏலத்தில் மதிப்பில்லை. ஆகவே கனடாவின் வடக்கு ஒன்ராறியோவில் பொறி வைப்பதெல்லாம் இலையுதிர்காலக் கடைசியிலும் குளிர்காலத்திலும்தான் நடக்கிறது. ஆனால் ஒக்டோபர் கடைசியில் மார்ட்டன் என்னும் கீரி போன்ற சிறு விலங்கைப் பிடிக்கத் தொடங்கும்போது கொட்டகையில் அமர்ந்து பொறி துலக்க யாருக்கும் நேரம் இருக்காது என்பதால், அந்த வேலைகளை ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலேயே முடித்துவிட வேண்டும். (இத்தொழில் செய்பவரைப் பொறியாளர் என்று எழுத ஆசைதான், அந்தச் சொல்லை வேறொரு தொழில் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.) கட்டாயப் பயிற்சி, உரிமம், பொறி வைக்க உங்களுக்கு உரிமையுள்ள காட்டுப்பகுதி (பொறித்தடம்) ஆகியவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பொறிகளைப் பிரித்து வையுங்கள். உடலை இறுக்கிப் பிடித்து உடனே கொல்லும் சதுரப் பொறிகள் ஒரு குவியல். இவற்றைக் கண்டுபிடித்தவரின் பெயரால் எல்லோரும் கொனிபேர் என்கிறார்கள். மார்ட்டனுக்கு 120, நீரில் அணைகட்டி வாழும் பீவருக்கு 330 என்று எண்ணால் அளவு சொல்வது வழக்கம். நரிக்கும் லிங்ஸ் என்ற காட்டுப்பூனைக்கும் வைக்கும் கால்பொறிகள் இன்னொரு குவியல். கனடா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா ஆகியவற்றுக்கிடையில் 1997இல் ஏற்பட்ட மனிதநேயப் பொறி உடன்படிக்கையின்படி பல விலங்குகளுக்குச் சான்று பெற்ற பொறிகளையே வைக்கலாம். பழைய பொறிகளை மலிவாக வாங்குபவர்கள், காசு கொடுப்பதற்கு முன் அந்த மாதிரி பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பிரிப்பைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

புதுப் பொறி எண்ணெய் பூசித்தான் வரும். பெரிய தகரப் பானையில் தண்ணீரும் சலவைச் சோடாவும் இட்டு, வெளியில் விறகடுப்பில் கொதிக்கவைத்து எடுத்தால் எண்ணெய் போய்விடும். அலசியபின் ஓரிரு வாரம் மரக்கிளையில் தொங்கவிட்டு, மழையிலும் இரவுப் பனித்துளியிலும் நனைய விடுங்கள். பளபளக்கும் இரும்பில் சாயம் ஒட்டாது. விரலால் தடவினால் செம்மண் படிவதுபோல மெல்லிய துரு வந்திருக்க வேண்டும், செதில் செதிலாக உரியும் அளவுக்கு விட்டுவிடக் கூடாது. அதன்பின் லாக்வுட் மரச்சாயத்தில் மெல்லக் கொதிக்கவைத்து, அதே நீரில் ஓர் இரவு ஊறவிட்டால் பொறி கருநீலமாக மாறும். வால்நட் தோடும் மேப்பிள் பட்டையும் காசில்லாமல் கிடைக்கும் என்றாலும், நிறம் சீராகப் பிடிப்பதால் எனக்கு லாக்வுட் தூள்தான் பிடிக்கும்.

அடுத்தது மெழுகு. நான் தவறியது இங்கேதான்.

கால்பொறிக்கு மெழுகு வேண்டும். துருவைத் தடுக்கும், இரும்பின் வாசனையை மூடும், தாடைகள் விரைந்து மூட உதவும். இத்தனை நன்மையும் கொனிபேருக்கும் கிடைக்கட்டுமே என்று எண்ணி, முதல் கோடையில் பன்னிரண்டு 120களையும் இரண்டு 330களையும் ஒன்றுவிடாமல் மெழுகில் தோய்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. நவம்பரில், மார்ட்டனுக்கு இரை வைக்கும் ஒரு மரப்பெட்டிக்குள் 120ஐ விரித்து வைத்துவிட்டுக் கையை எடுத்த மறுகணம் அது தானாகவே மூடியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை என் கையுறையின் நுனியைக் கவ்விக்கொண்டது. கொனிபேரை விரித்த நிலையில் நிறுத்துவது ஒரு சிறு இரும்பு நாக்கின் வெட்டில் தாடை உரசி நிற்கும் பிடிமானம்தான். மெழுகு அந்த உரசலையே இல்லாமல் செய்துவிடுகிறது. வில்களைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புக் கொக்கியும் அதே காரணத்தால் வழுக்கலாம். 120 என்பதால் கையுறையோடு போனது. 330 கை எலும்பையே முறிக்க வல்லது. வீடு திரும்பி, பதினான்கையும் சோடா நீரில் மீண்டும் கொதிக்கவைத்து மெழுகை நீக்க ஒரு முழு வார இறுதி போயிற்று. கொனிபேருக்குச் சாயம் மட்டும் போதும்.

கால்பொறிக்கு மெழுகிடும்போது பானையை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். வீட்டிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் செய்யுங்கள். தீப்பற்றினால் மூடுவதற்குப் பொருத்தமான மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. பொறி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் சூடான மெழுகு முகத்தில் தெறிக்கும். இறக்கியவுடன் எடுத்துவிடாமல், மெழுகின் சூடு இரும்புக்கும் ஏறும்வரை பொறுத்திருங்கள். வெளியே எடுக்கும்போது மெழுகு நீர்போல வழிந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் மட்டும் தங்க வேண்டும். வெள்ளையாகத் தடித்து ஒட்டியிருந்தால் இரும்பு இன்னும் சூடேறவில்லை என்று பொருள். அந்தத் தடிப்பு குளிரில் உதிர்ந்துவிடும்.

கோடை வெயிலை நம்பிச் செய்ய வேண்டிய இன்னொன்று மெழுகு மணல். கால்பொறியை மூடும் ஈரமண் உறைந்தால் கல்லாகிவிடும், நரி அதன்மேல் நின்றாலும் பொறி மூடாது. உப்புக் கலப்பவர்கள் உண்டு. அது பொறியைத் தின்றுவிடும் என்பதால் நான் செய்வதில்லை. கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் மணலைச் சலித்து, கறுப்புத் தார்ப்பாயில் பரப்பி, ஒரு துளி ஈரமும் இல்லாமல் காயவிட்டு, பின்பு மெழுகுத் துருவலைத் தூவி, நல்ல வெயிலில் மண்வாரியால் புரட்டிக்கொண்டே இருங்கள். மெழுகு உருகி மணலில் மறைந்தபின் ஒரு கரண்டி தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் முடிந்தது. உள்ளே இறங்கினால் இன்னும் கொஞ்சம் மெழுகு வேண்டும்.

மார்ட்டன் பெட்டிகளை அறுத்த பலகையில் இப்போதே அடித்து, மரவாசனை அடங்கும்படி வெளியில் போட்டுவிடுங்கள். பசை நாறும் ஒட்டுப்பலகை வேண்டாம். தோல் விரிக்கும் பலகைகளை மணல்தாளால் சிராய் இல்லாமல் தேய்த்து, வயிற்றுப் பக்கம் செருகும் ஆப்பு ஒவ்வொன்றுக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்; அது இல்லாவிட்டால் காய்ந்து இறுகிய தோல் பலகையை விட்டு வராது. மஸ்க்ரட் என்னும் நீரெலிக்குக் கம்பிச் சட்டம் போதும். மார்ட்டனுக்கு மரப்பலகையைத் தவிர வேறெதையும் நான் ஏற்பதில்லை.

வாசனையால் விலங்குகளை ஈர்க்கும் மீனெண்ணெய் பற்றிச் சிலர் கேட்டதால் பிற்பாடு இதைச் சேர்க்கிறேன். கொழுப்புள்ள மீனை நறுக்கிக் கண்ணாடிச் சாடியில் போட்டு, வெயிலில் வைத்தால் சில வாரங்களில் எண்ணெய் மேலே மிதக்கும். வாயைத் துணியால் மட்டும் கட்டுங்கள். நான் மூடியை இறுக்கித் திருகி வைத்த சாடி ஓகஸ்ட் வெயிலில் வெடித்தது, அந்தக் கொட்டகைக்குள் இன்றைக்கும் என் மனைவி காலடி வைப்பதில்லை.

இன்னொருவர், எல்லாம் முறைப்படி செய்தும் நரி பொறியைச் சுற்றிப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தார். விசாரித்ததில், தயாரான பொறிகளைப் பனிவண்டியின் பெட்ரோல் கலனுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தது தெரிந்தது. மூடியுள்ள சுத்தமான வாளியில் பல்சம் என்னும் ஊசியிலை மரத்தின் கிளைகளைப் பரப்பி, அதன்மேல் பொறிகளை வைத்து, எண்ணெயும் பெட்ரோலும் புழங்காத இடத்தில் தொங்கவிடுங்கள். அன்றிலிருந்து சுத்தமான ரப்பர் கையுறை இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம்.