விமானம் தயாரிக்கும் கம்பெனி ஆட்டம் காணும்போது பெங்களூரில் இருப்பவர் செய்ய வேண்டியவை

கேன்டீனில் ஒருவர் "வேலையை விட்டு அனுப்பப்போறவங்க லிஸ்ட் வெள்ளிக்கிழமை வருதாம்" என்பார். வெள்ளி வரும், லிஸ்ட் வராது, உடனே அது அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போகும். தேவனஹள்ளிப் பக்கம் போகும் கம்பெனி பஸ், மாரத்தஹள்ளி பிஜி, ஊருக்குப் போக மடிவாளாவில் நிற்கும் ஆம்னி பஸ் வரிசை, எங்கும் இதே பேச்சுதான். இதைக் கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதை விட, அந்த நேரத்தில் கம்பெனியின் கணக்கைப் படிக்கலாம். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி எல்லாவற்றையும் மறைத்துவிட முடியாது.

போயிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க 10 சதவீதம், அதாவது சுமார் 17,000 பேரைக் குறைக்கப்போவதாக 2024 அக்டோபரில் அறிவித்தபோது பலருக்கும் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்த வருடச் செய்திகளை வரிசையாகப் பார்த்தவருக்கு அதிர்ச்சி குறைவாகத்தான் இருந்திருக்கும்: ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ் விமானத்தில் கதவு தேவைப்படாத திறப்பை மூடியிருந்த கதவு அடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது, மாதம் 38 விமானத்துக்கு மேல் உற்பத்தியை ஏற்றக்கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் கடிவாளம் போட்டது, செப்டம்பரில் 33,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விலையில் பெரும்பகுதி விமானம் கைமாறும்போதுதான் கம்பெனிக்கு வரும். 2023ல் 528 விமானம் கொடுத்தவர்கள் 2024ல் கொடுத்தது 348தான். அப்புறம் பணம் எங்கிருந்து வரும்?

அதனால் ஊழியர்கள் எல்லோரையும் கூட்டிப் பேசும் டவுன்ஹால் மீட்டிங்கில் ஆர்டர் எண்ணிக்கையைக் காட்டினால் மயங்காதீர்கள். 5,500 விமானத்துக்கு மேல் ஆர்டர் கையில் இருந்தும் அந்த வருடம் 11.8 பில்லியன் டாலர் நஷ்டம். பார்க்க வேண்டியவை இரண்டு: மாதாமாதம் வெளியாகும் டெலிவரி எண்ணிக்கை, காலாண்டு அறிக்கையில் கையிருப்புப் பணம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது.

அடுத்து உங்கள் சொந்த நிலைமை. டைம்ஷீட்டில் எந்த சார்ஜ் கோடில், அதாவது எந்த ப்ராஜெக்ட்டின் கணக்கில், நேரம் போடுகிறீர்கள் என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விமானத்துக்கான வேலை என்றால் ஓரளவு நிம்மதி. மாதக்கணக்கில் எந்த ப்ராஜெக்ட்டையும் சேராத ஓவர்ஹெட் கோடில் உட்கார்ந்திருந்தால் நிம்மதிக்கு இடமில்லை, வாயைத் திறந்து வேலை கேளுங்கள். முடிவுத் தேதி குறித்த ப்ராஜெக்ட்டும் அப்படித்தான். அதே அக்டோபரில் 767 சரக்கு விமானத் தயாரிப்பை 2027ல் நிறுத்துவதாகவும் போயிங் சொன்னது. அந்த மாதிரி இடத்தில் இருப்பவர் கடைசி வருடம் வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை. டிசைன் சாஃப்ட்வேரில் கேட்டியாவில் மட்டுமே கை பழகியிருந்தால், இன்னொரு டிசைன் சாஃப்ட்வேரான என்எக்ஸ் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், இஞ்சின் கம்பெனிகள் பக்கம் அதுதான் அதிகம் ஓடுகிறது.

லேப்டாப்பும் மெயிலும் எந்த நிமிடமும் பூட்டப்படலாம். ஆஃபர் லெட்டர், இன்க்ரிமென்ட் கடிதங்கள், எல்லா மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, அப்ரைசல் கடிதங்கள் எல்லாம் இன்றைக்கே வீட்டுக்கு வரட்டும். பிஎஃப் கணக்கு எண்ணில் உங்கள் சொந்த மொபைல் நம்பர்தான் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: போர்ட்ஃபோலியோவுக்கு ஆகும் என்று ட்ராயிங், அனாலிசிஸ் ரிப்போர்ட் எதையும் பென் டிரைவில் போடாதீர்கள். விமானத் துறையில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வேறு இருக்கின்றன, வேலையோடு போக வேண்டியது வழக்கு வரை போய்விடும்.

சரி, ஹெச்ஆர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும், அடுத்த கம்பெனியில பிரச்சினை வராது" என்று இனிக்க இனிக்கப் பேசி, ராஜினாமாக் கடிதத்தை நீட்டுவார்கள். அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து வர உங்களுக்கு முழு உரிமை உண்டு. ராஜினாமா என்று எழுதிக்கொடுத்த பிறகு அது ஆட்குறைப்பே இல்லை என்று ஆகிவிடும். ஆட்குறைப்பு என்றால், ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளமும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் சட்டப்படி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. "நீ இன்ஜினியர், உனக்கு இதெல்லாம் பொருந்தாது" என்பார்கள். விசிட்டிங் கார்டில் லீட் என்று இருக்கிறதா மேனேஜர் என்று இருக்கிறதா என்பதை வைத்து இது முடிவாவதில்லை, நீங்கள் உண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதுதான் கணக்கு. விலகுவதற்கு அவர்கள் தரும் தொகை பெரியது என்றால் கையெழுத்துக்கு முன் ஒரு லேபர் வக்கீலிடம் காட்டுங்கள், அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் செலவு இல்லை.

கிராஜுவிட்டியை, அதாவது வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையை, நீங்களே போட்டுப் பார்க்கலாம். கடைசி மாத அடிப்படைச் சம்பளம் 60,000, சர்வீஸ் 8 வருடம் என்றால், 60,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 8ஆலும் பெருக்குங்கள்: சுமார் 2.77 லட்சம். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், அதனால் நாலே முக்காலில் நிற்பவர் கடைசி வேலை நாள் எந்தத் தேதி என்பதில் பேரம் பேசலாம். ஊரில் அம்மா அப்பா கம்பெனி இன்ஷூரன்ஸில் இருந்தால், அது கடைசி நாளோடு போய்விடும். வேலையில் இருக்கும்போதே அவர்களுக்குத் தனி பாலிசி எடுத்துவிடுங்கள்.

இனி யாரும் அதிகம் பேசாத விஷயம். ஆள் குறையக் குறைய, மிச்சம் இருப்பவர் தலையில் செக்கிங்கும் கையெழுத்தும் குவியும். அலாஸ்கா விமானத்தில் அந்தக் கதவு அடைப்பைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டும் இல்லை. ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) பழுதைச் சரிசெய்யத் தொழிற்சாலையில் அதைத் திறந்தார்கள், திறந்ததற்கான பதிவைத் தேடியும் விசாரணையில் கிடைக்கவில்லை. இது மேலே இருந்தவர்களின் கோளாறு என்றாலும், முதலில் தேடப்படுவது கீழே இருப்பவரின் கையெழுத்துதான். நேரம் போதாமல் ஒரு ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னால், எதைச் சரிபார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை, இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று மெயிலில் எழுதிவிடுங்கள். மேனேஜர் போனில் "பரவால்ல, க்ளோஸ் பண்ணிடுங்க" என்றால், அவர் அப்படிச் சொன்னதையும் இரண்டு வரியில் எழுதி அவருக்கே அனுப்புங்கள்.