பெயர் தெரியாத பழைய டீ ரோஜாவை அடையாளம் காண்பது எப்படி?

கல்லறைத் தோட்டத்திலோ ஆளில்லாத பழைய வீட்டிலோ கிடைத்த டீ ரோஜாவுக்கு (சீன வம்சத்துப் பழைய தோட்ட ரோஜா வகை) பெயர் தேடும்போது பலரும் பூவின் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். மொட்டுக்கு அடியில் இருப்பதுதான் அதிகம் சொல்லும்.

கொஞ்சம் வரலாறு. 1809இல் ‘ஹியூம்ஸ் பிளஷ்’, 1824இல் ‘பார்க்ஸ் யெல்லோ’ என டீ ரோஜாக்களின் மூதாதையரான இரண்டு தோட்டச் செடிகள் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போயின. சீன ரோஜாவும் ரோசா ஜைகான்டியா என்ற காட்டு ரோஜாவும் கலந்த வம்சம். அதிலிருந்து 1839இல் ‘சஃப்ரானோ’, 1869இல் ‘கேத்தரின் மெர்மே’, 1910இல் ‘லேடி ஹிலிங்டன்’ என வரிசையாக வந்தன. குளிர் தாங்காததால் வட ஐரோப்பாவில் கண்ணாடி வீட்டில் வளர்ந்தவை பெர்முடா, டெக்சாஸ், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் வெளியிலேயே பிழைத்தன. 1867இல் வந்த ‘லா பிரான்ஸ்’ முதல் ஹைப்ரிட் டீயாக, அதாவது டீ ரோஜாவோடு வேறு ரோஜா கலந்த புது வகையாகக் கருதப்படுகிறது.

1. அடிச்செடியா என்று பாருங்கள்

ஒட்டுக்கட்டிய மேல்செடி செத்து, அடிச்செடி மட்டும் தழைத்திருக்கலாம். வசந்தத்தில் ஒரே முறை கருஞ்சிவப்பாகப் பூத்தால் அடிச்செடியாகப் பயன்படும் ‘டாக்டர் ஹூயி’ ரகமாக இருக்கக்கூடும். இலைக்காம்பின் அடிச்செதில் சீப்புப் பல்போல் கிழிந்திருந்தால் மல்டிஃப்ளோரா என்ற இன்னோர் அடிச்செடி. இவை என்றால் தேடலை இங்கேயே நிறுத்தலாம்.

2. டீ தானா?

மெல்லிய காம்பில் தலைகுனியும் பூ, செம்பு அல்லது கருஞ்சிவப்புத் துளிர், மறுபடி மறுபடி பூப்பது, குறுக்கும் நெடுக்குமாகக் கிளைக்கும் புதர். காம்பு விறைத்து நேரே நின்றால் ஹைப்ரிட் டீயைச் சந்தேகியுங்கள். முள் மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ‘மிஸஸ் டட்லி கிராஸ்’ கிட்டத்தட்ட முள்ளே இல்லாத டீ.

3. பூவின் அடிப்பக்கம்

பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். பத்து மடங்கு கைலென்ஸும் மில்லிமீட்டர் ஸ்கேலும் போதும். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகளுக்கு என் ஓட்டு இல்லை: அவை பூவின் முகத்தைப் பார்த்து ஊகிக்கின்றன, டீ ரோஜாக்களின் முகங்களோ ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரே செடியில் ஐந்து பூக்களையாவது எடுத்துக் குறிக்க வேண்டியவை:

- பூக்காம்பு: நீளம், வழவழப்பா, சுரப்பி முடியால் பிசுபிசுப்பா, மேலே போகப் போகத் தடிக்கிறதா.
- காம்புக்கு மேலுள்ள பூத்தளம்: கிண்ணமா, புனலா, உருண்டையா. இதழ் உதிர்ந்த மறுநாள் வடிவம் தெளிவாகத் தெரியும்.
- புல்லி இதழ்கள்: நீளம், ஓரத்தில் சிறகுபோல் கிளைகள் உண்டா.

கடைசி விஷயத்தில் ஒரு சிக்கல். ரோஜாவின் ஐந்து புல்லிகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வழக்கமாக இரண்டுக்கு இரு ஓரத்திலும் கிளை, ஒன்றுக்கு ஓர் ஓரத்தில் மட்டும், மீதி இரண்டு வெறுமை. மொட்டுக்குள் மூடிக்கிடந்த ஓரங்களில் கிளை வளராது, அதுதான் காரணம். ஒரே புல்லியைப் பார்த்து ‘கிளை இல்லை’ என்று எழுதினால் தவறான ரகத்தில் போய் முடியும். மொட்டைக் காம்போடு சுழற்றி ஐந்தையும் படமெடுங்கள்.

4. பிறகுதான் நிறம்

ஒரே செடி குளிர்காலத்தில் பெரிதாக, ஆழ்ந்த நிறத்தில், நிறைய இதழோடு பூக்கும். வெயிலில் சிறுத்து வெளுக்கும். ‘மாரி வான் ஹூட்’டின் வெண்மஞ்சள் இதழோர இளஞ்சிவப்பு வானிலைக்குத் தக்கபடி கூடும், குறையும். இரண்டு பருவத்திலாவது பதிவு செய்யாமல் பெயர் வைக்காதீர்கள்.

5. ஒப்பிடுதல்

பழைய நர்சரி பட்டியல்களை நம்பிப் பயனில்லை. ‘சால்மன் பிங்க், நிறைந்த பூ’ என்ற வருணனை எத்தனையோ ரகங்களுக்குப் பொருந்தும், காம்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. வளர்ந்து நிற்கும் செடியோடு ஒப்பிடுங்கள், ஆனால் அதன் பெயர்ப்பலகையையும் சோதியுங்கள். ‘ஆர்ச்சிடுக் ஜோசப்’ பெயரில் விற்கப்பட்ட பல செடிகள் ‘மொசியூ டில்லியே’தான்.

பெயர் பிடிபடவில்லையா? கிடைத்த இடத்தின் பெயரையே வைத்து, எழுதிக் கட்டி, பதியன் போடுங்கள். பெர்முடாவின் ‘ஸ்மித்ஸ் பாரிஷ்’ இப்படி ஊர்ப்பகுதியின் பெயரில் அழைக்கப்படும் மர்ம ரோஜா. ஊகித்த பெயரை ஒட்டிவிட்டால் அது அடுத்தவர் தோட்டத்துக்கும் பரவிவிடும்.

பின்சேர்க்கை: அடிப்பக்கம் முழுதும் பொருந்தி நிறம் மட்டும் மாறினால், ஒரே செடியின் கிளையில் தோன்றிய நிறமாற்றமா என்று பாருங்கள். ‘கேத்தரின் மெர்மே’யிலிருந்து வெள்ளையாக ‘தி பிரைட்’டும், இன்னும் ஆழ்ந்த இளஞ்சிவப்பாக ‘பிரைட்ஸ்மெய்ட்’டும் வந்தது அப்படித்தான். இந்த இடத்தில் மட்டும் நிறமே ரகத்தைப் பிரிக்கும். சில கிளைகள் பழைய நிறத்துக்கே திரும்புவதும் உண்டு. அந்தக் கிளையை வெட்டுமுன் படமெடுத்துவிடுங்கள், தாய்ச்செடி எது என்பதற்கு அதுவே நல்ல சான்று.