நம்ம ஊரு மக்கள்தொகை, பஸ் விவரத்த சரியா எழுதி எடுக்குறது எப்படி

கிராம சபையில பஸ் கேக்கப் போறவங்க மொதல்ல ஒன்ன முடிவு பண்ணிக்கோங்க, நீங்க எழுதப் போறது வருவாய் கிராமத்தப் (வி.ஏ.ஓ. நில ஆவணம் வச்சிருக்க கிராமம்) பத்தியா, ஊராட்சியப் பத்தியா, இல்ல உங்க குடியிருப்ப மட்டுமா. நம்ம திருநெல்வேலி பக்கம் ஒரு வருவாய் கிராமத்துக்குள்ள அஞ்சாறு குடியிருப்பு தள்ளித் தள்ளி கெடக்கும், சென்சஸ் நம்பர் எல்லாத்துக்கும் சேத்துதான் வரும். இத கவனிக்காம விட்டுத்தான் நெறைய மனு வீணாப் போவுது.

இப்போதைக்கு கையில இருக்கது 2011 கணக்குதான், அடுத்தது 2027 மார்ச் 1-ஐ வச்சு எடுக்காங்க. சென்சஸ் வெப்சைட்ல திருநெல்வேலி மாவட்டக் கையேட, அதாவது ஊர் வாரியா கணக்கு போட்ட சென்சஸ் புத்தகத்த எடுங்க. தென்காசி மாவட்டத்துக்காரங்களும் இதுலதான் தேடணும், ஏன்னா தென்காசி தனியாப் பிரிஞ்சது 2019 நவம்பர்ல. திசையன்விளை, மானூர், சேரன்மகாதேவின்னு தாலுகா பேரு அதுல இருக்காது, திசையன்விளைப் பக்கம்னா ராதாபுரத்துல பாருங்க. கீழ, மேல, புதூர்னு ஒரே மாதிரி பேரு நெறைய இருக்கதால ஊர் பேருக்குப் பக்கத்துல இருக்க ஆறு இலக்க கோடையும் குறிச்சுக்கோங்க.

வீடு எத்தன, ஆண் பெண் எத்தன, ஆறு வயசுக்குள்ள பிள்ளைக எத்தன, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தன, எல்லாம் ஒரே வரியில கெடைக்கும். அதுல வீட்டுத் தொழில்னு ஒரு கட்டம் இருக்கும், அத விட்டுராதீங்க. நம்ம ஊர்ல வீட்டுல இருந்து பீடி சுத்துற பொம்பளையாளுக கணக்கு அங்கதான் வரும், சுத்துன பீடிய கொண்டு போய் கடையில போட்டுட்டு எல வாங்கிட்டு வர அவங்களுக்குத்தான் பஸ் ரொம்ப வேணும். குடியிருப்பு வாரியா ஆள் கணக்கு வேணும்னா வாக்காளர் பட்டியல் தெரு வாரியா இருக்கும், ஆனா பதினெட்டு வயசுக்கு மேலதான், சின்னப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடி டீச்சர்ட்ட கேளுங்க.

இனி பஸ்ஸு. அந்தக் கையேட்டுலயே பஸ் வசதி உண்டா இல்லையான்னு போட்டுருப்பாங்க, இல்லன்னா பக்கத்துல அஞ்சு கிலோமீட்டருக்குள்ளயா, அஞ்சுலேருந்து பத்தா, பத்துக்கும் மேலயான்னு ஏ, பி, சி எழுத்துல இருக்கும். கேடு என்னன்னா பெரிய ஊருக்கு பஸ் வந்தாலே மொத்த கிராமத்துக்கும் உண்டுன்னு விழுந்துரும், அங்ஙன இருந்து மூணு கிலோமீட்டர் தள்ளி ஓடைக்கு அந்தாண்ட இருக்க குடியிருப்பும் அந்த உண்டுக்குள்ள போயிரும். அதனால நீங்களே ஸ்டாப்புல ஒக்காந்து எழுதணும், ஒரு வேல நாளு, ஒரு ஞாயித்துக்கிழம. ஏழரை வண்டின்னு ஊரே சொல்லும், அது நெசமா எத்தன மணிக்கு வருதுன்னு பாத்து எழுதுங்க. எங்க இருந்து வருது, எந்த வழியாப் போவுது, திருநெல்வேலி ஜங்ஷனோட நின்னுருமா புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவுமா, பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளைகளுக்கு தோதா சாயங்காலம் வண்டி இருக்கா, ராத்திரி கடைசி வண்டி எது. அரசு டவுன் பஸ்ஸா தனியார் மினி பஸ்ஸான்னு கட்டாயம் எழுதுங்க, சாதாரண டவுன் பஸ்ல 2021 மே மாசத்துலேருந்து பொம்பளையாளுக்கு டிக்கெட் கெடையாது, மினி பஸ்ல காசு குடுக்கணும், கூலி வேலைக்குப் போறவங்களுக்கு அந்த வித்தியாசம் பெருசு.

ரயிலுக்கு பக்கத்து ஸ்டேஷன் பேரு மட்டும் போதாது. வள்ளியூரு, நாங்குநேரி, அம்பாசமுத்திரம், எதுவானாலும் எந்தெந்த வண்டி அங்க நிக்குதுன்னும், உங்க ஊர்லேருந்து அங்க போய்ச் சேர பஸ் இருக்கான்னும் சேத்து எழுதுங்க.

மழைக்காலத்த தனியா எழுதுங்க. தரைப்பாலம் இருந்தா அதுல தண்ணி ஏறுனா எந்த வழியா சுத்திப் போவணும், எத்தன கிலோமீட்டர் கூடும்னு தெளிவா வேணும். 2023 டிசம்பர் வெள்ளத்துல திருச்செந்தூர்லேருந்து வந்த ரயிலே ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு, ரோடும் பல எடத்துல அறுத்துக்கிட்டுப் போயிருச்சு, அப்ப மாட்டிக்கிட்டவங்களக் கேளுங்க, வழி வழியா சொல்லுவாங்க.

எல்லாம் எழுதி ஒரே பக்கத்துல அடக்குங்க. குடியரசு தினம், மே தினம், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு கிராம சபை கூடுறப்ப வாசிச்சு, குடியிருப்பு பேரு போட்டு தீர்மானமா எழுத வச்சு நகல் வாங்கிக்கோங்க. திங்கட்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறப்ப அந்த நகலயும் பின்னால வச்சு குடுங்க, ரசீது வாங்காம வராதீங்க.