கலிஃபோர்னியாவில் பேட்டரி நிலையம்: அனுமதி வாங்குவது எப்படி?

பத்து ஏக்கர் நிலம், அதில் வரிசையாக பேட்டரி கன்டெய்னர்கள். பகலில் சூரிய மின்சாரத்தைச் சேமித்து, சாயங்காலம் விற்க வேண்டும். அனுமதியை யாரிடம் கேட்பது? இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

படி 1. முதலில் ஒரு பெருக்கல். 50 மெகாவாட்டை 4 மணி நேரம் கொடுக்கும் நிலையம் என்றால் 200 மெகாவாட்-மணி. இந்த 200தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே என்றால் பொதுவாகக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அல்லது நகர நிர்வாகத்திடம்தான் போக வேண்டும். அதைத் தொட்டுவிட்டால், 2022இல் வந்த ஏபி 205 சட்டப்படி நேரே மாநில எரிசக்தி ஆணையத்திடமும் போகலாம். கட்டாயமில்லை.

படி 2. எந்த வழி என்று முடிவு செய்யுங்கள். கவுண்டி என்றால் நிலப் பயன்பாட்டு அனுமதி, பொது விசாரணை, பக்கத்து வீட்டுக்காரர்களின் கோபம் எல்லாம் உண்டு. ஆணையம் 270 நாளில் முடிவு சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'விண்ணப்பம் முழுமை' என்று ஆணையம் சொன்ன பிறகுதான் அந்த நாள் கணக்கு தொடங்கும். இந்த வழியில் முதலில் அனுமதி பெற்ற ஃப்ரெஸ்னோ கவுண்டியின் டார்டன் சூரிய மின்சார-பேட்டரித் திட்டம் 2023இல் விண்ணப்பித்தது; அனுமதி கிடைத்தது 2025 ஜூனில். சுற்றுச்சூழல் ஆய்வு இரண்டு வழியிலும் உண்டு.

படி 3. தீயணைப்பு அதிகாரியைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதையே முதல் படியாக வைப்பேன். 2025 ஜனவரி 16 அன்று கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 300 மெகாவாட் பேட்டரி நிலையம் எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். அதற்கப்புறம் எந்த ஊரிலும் முதல் கேள்வி தீ பற்றித்தான்.

கையில் யுஎல் 9540ஏ சோதனை அறிக்கை இருக்க வேண்டும். ஒரு செல்லை (பேட்டரியின் மிகச் சிறிய அலகை) வேண்டுமென்றே சூடேற்றிக் கெடுத்து, அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவுகிறதா, என்ன வாயு எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். செல், மாட்யூல் (செல்களின் தொகுப்பு), யூனிட் (மாட்யூல்கள் அடுக்கிய பெட்டி), தேவைப்பட்டால் முழு அமைப்பு என்று படிப்படியாகப் போகும். என் முதல் கூட்டத்துக்கு நான் விற்பனையாளர் தந்த வழவழப்பான பிரசுரத்தை எடுத்துப் போனேன். அதிகாரி அதைத் திறக்கவே இல்லை. "எரிந்தால் என் ஆட்கள் தண்ணீர் அடிக்கணுமா, எரியட்டும்னு விடணுமா? வண்டி எந்த கேட் வழியா வரும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கூட்டம் பத்தே நிமிடம்.

படி 4. அந்தப் பதில்களை எழுத்தில் வையுங்கள். 2023ஆம் ஆண்டின் எஸ்பி 38 சட்டம் அவசரகாலத் திட்டம் கேட்கிறது. அதை உள்ளூர் அவசரகாலத் துறையினரோடு பேசித்தான் தயாரிக்க வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகும் விடமாட்டார்கள்: மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2025 மார்ச்சில் பராமரிப்பு, இயக்கத் தரவிதிகளை பேட்டரிக்கும் நீட்டித்துவிட்டது.

படி 5. கிரிட் (மின்கட்டமைப்பு) இணைப்புக்குத் தனி விண்ணப்பம், தனி வரிசை. அது வருடக்கணக்கில் இழுக்கும். கட்டட அனுமதி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நிலம் பேசும்போதே அந்த வரிசையிலும் துண்டைப் போட்டு வையுங்கள்.