முண்டு வத்தல் விற்க இறங்கும்போது

வீட்டுக்கும் உறவுக்கும் போக மிஞ்சியதை விற்றவர்கள், ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் கடலாடிப் பக்கம் இப்போது விற்பதற்கென்றே முண்டு என்ற குண்டு மிளகாய் போடுகிறார்கள். இந்த மாசியில் ஒரு தம்பி ரோட்டோரம் வெறும் மண்ணில் வத்தலைக் கொட்டிக் காயவைத்திருந்ததைப் பார்த்தேன். மனசு பொறுக்கவில்லை. களை, உரம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள். விற்க இறங்குபவர்கள் தவறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மண்ணில் காயவைப்பது

முண்டுக்குத் தோல் தடிமன். மேலே மொறுமொறுப்பாகத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். கடற்கரை ஊர் வேறு, பகல் முழுக்கக் காய்ந்ததை விடியற்காலைப் பனி திரும்ப நனைத்துவிடும். முதல் வருடம் நான் இரவில் மூடாமல் விட்டு, பணம் அவசரம் என்று 9 மூட்டை கட்டி மண்டியில் இறக்கினேன். வியாபாரி ஒரு பழத்தைப் பிளந்து காட்டினார், விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூசணம். கெட்டது 4 மூட்டைக்குள்தான் இருக்கும், ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கட்டியிருந்ததால் நல்லதும் வெளுத்த வத்தல் விலைக்குப் போனது. அந்த வருடத்து உழைப்பு அது, இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

விலையோடு முடிவதுமில்லை. ஈர வத்தலில் பிடிக்கும் சில பூசணங்களிலிருந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரும். ஐரோப்பாவுக்குப் போகும் வத்தலில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கையே ஏற்கமாட்டார்கள். நம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சான்று, கிடைத்திருக்கிறது, ஆனால் பூசணம் பிடித்த மூட்டைக்கு அந்தப் பெயரால் விலை ஏறாது.

பறித்ததும் இரண்டு நாள் நிழலில் குவித்து வையுங்கள், நிறம் ஒன்றுபோல வரும். அப்புறம் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிடுங்கள். பொழுது சாயும்போது கூட்டி மூடிவிடுங்கள். காதருகே ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும், அதுவரை சாக்கை எடுக்காதீர்கள். வெளுத்ததையும் காம்பு போனதையும் தனியாகக் கட்டுங்கள்.

விதைப்புக்கு முன்பே மண்டியில் முன்பணம்

வாங்காதீர்கள். வாங்கினால் வத்தலை அங்கேதான் போட வேண்டும், சொல்கிற விலைக்கு.

நெல் வயலையும் மிளகாய்க்கு மாற்றுவது

ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரி பூமி இது. வீட்டுச் சோற்றுக்கான நெல்லை விடாதீர்கள்.

கணக்கு

பறிப்புக் கூலி, சாக்கு, வண்டி வாடகை, வீட்டுப் பெண்கள் பறித்த நாட்கள் உட்பட எழுதுங்கள்.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இறக்குவது

ஊரே இறக்கும்போது விலை சரியும். நம் மாவட்டத்து எட்டிவயலில் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது, வாடகை விசாரித்து வையுங்கள். ஆனால் காயாத மூட்டையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.