அதிகம் பேசப்படாத கலைஞர்களிடம் கற்பது எப்படி?

வரையவோ படமெடுக்கவோ இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள். நோட்டைத் திறந்தால் எதுவுமே தோன்றவில்லையா? வான்கோவைச் சிறிது காலம் ஒதுக்கிவையுங்கள். அவருடைய சூரியகாந்தியைக் காலண்டரிலும் தலையணை உறையிலும் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போயிருக்கும். பலர் அறியாத ஒருவரின் படத்தைப் பற்றி நமக்கு யாரும் முன்கூட்டியே எதுவும் சொல்லிவைக்கவில்லை. நாமே பார்த்தாக வேண்டும்.

1. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

ஓவியம் என்றால் கே. ராமானுஜம். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர். 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து, முப்பதுகளின் தொடக்கத்திலேயே 1973இல் மறைந்தார். புகைப்படம் என்றால் இலங்கையின் லயனல் வெண்ட் (1900–1944). இவர் பியானோ கலைஞரும்கூட. யாரை எடுத்தாலும் ஒரு மாதம் அவரோடு மட்டும் இருங்கள்.

2. பத்து நிமிடம் ஒரே படம்

திரையைத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். கண்ணில் படுவதையெல்லாம் எழுதுங்கள். 'அழகு', 'அருமை' இரண்டும் வேண்டாம், பொருள்களை எழுதுங்கள். ராமானுஜத்தின் பேனா ஓவியத்தில் மாளிகை, கோபுரம், பாம்பு, தொப்பி போட்ட ஒரு ஆள் என்று பட்டியல் நீளும். அந்தத் தொப்பிக்காரர் ராமானுஜமேதான். தன் கனவுக்குள் தானே நடமாடுகிறார். இதைக் கவனித்த நாளில்தான் அவர் படங்கள் எனக்குத் திறந்தன.

3. ஒரு மூலையை மட்டும் நகலெடுங்கள்

முழுப் படமும் வேண்டாம், தீப்பெட்டி அளவு போதும். பேனாவால் செய்யுங்கள், பென்சில் என்றால் தேய்த்து நிழல் போடத் தோன்றிவிடும். முதலில் ஒரே திசையில் நெருக்கமான மெல்லிய கோடுகள். மை காய்ந்ததும் சாய்வாக இன்னொரு அடுக்கு. இருள் வேண்டிய இடத்தில் மூன்றாவது. பேனாவை அழுத்தினால் இருட்டு வராது, திட்டுதான் வரும். கோடுமேல் கோடு ஏற ஏறத்தான் நிழல் கனக்கும். இந்தச் சின்னச் சதுரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். அவர் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருப்பார் என்பதை உங்கள் மணிக்கட்டு சொல்லும். அடியில் தேதியும் 'ராமானுஜத்தைப் பார்த்து வரைந்தது' என்ற வரியும் அவசியம்.

4. முறையை எடுங்கள், பொருளை விடுங்கள்

அவருடைய மாளிகை அவருக்கே இருக்கட்டும். அதே கோடுகளால் உங்கள் வீட்டு அடுக்களை அலமாரியை வரையுங்கள். எவர்சில்வர் டப்பாக்களுக்கு இடையிலுள்ள இருட்டு நல்ல பயிற்சி.

படமெடுப்பவர்களுக்கு: வெண்ட் சில படங்களில் 'சோலரைசேஷன்' முறையைக் கையாண்டார். இருட்டறையில் ஃபிலிமோ படத்தாளோ டெவலப் ஆகிக்கொண்டிருக்கும்போதே அதற்கு மீண்டும் சிறிது வெளிச்சம் காட்டுவது. கறுப்பு வெள்ளையில் ஒரு பகுதி தலைகீழாகி, விளிம்பில் கோடு விழும். அதைத் தரும் ஆப்பைத் தேட வேண்டாம். உடல்மீது வெயில் எங்கே விழுகிறது என்று அவர் பார்த்ததை முதலில் பிடியுங்கள். காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் ஒருவரை உட்காரவைத்து, மொபைலைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, முகத்தின் ஒரு பாதி இருளில் இருக்கும்படி பத்துப் படங்கள் எடுங்கள்.

5. அசலைப் பாருங்கள்

சென்னைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் வரை போனால் சோழமண்டலத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. கொழும்பில் வெண்ட்டின் பெயரிலேயே ஒரு கலை மையம் உண்டு. போகும்போது அந்தத் தீப்பெட்டி நகலையும் கையோடு கொண்டுபோங்கள்.